வழிப்போக்கருக்குப் பிணை யார்?
பயணக் காப்பீட்டின் வரலாற்றில் சரக்கும் மனிதரும்

நீலகிரியின் குந்தாப் பகுதியில் மஞ்சூரை அடுத்துள்ள சிற்றூர் பிக்கட்டி. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூருக்குச் செல்லப் பேருந்து தவறிவிட்ட ஒரு மாலைப் பொழுதில், பச்சைத் தேயிலை ஏற்றிய பிக்கப் வண்டியொன்றில் இக்கட்டுரையாளருக்கு இடம் கிடைத்தது. மூட்டைகளுக்கு நடுவே ஏற்கெனவே நால்வர் அமர்ந்திருந்தனர். பனிமூட்டத்தில் சாலையின் விளிம்பு தெரியவில்லை. முகத்தில் தென்பட்ட அச்சத்தைக் கண்டுகொண்ட ஓட்டுநர், "பயப்படாதீங்க பாய், வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க" என்று ஆறுதல் கூறினார். அவர் சொன்னது உண்மையே. ஆனால் அந்தக் காப்பீடு வண்டிக்கு உரியது. மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்த எங்கள் ஐவருக்கும் அதில் இடமுண்டா என்ற வினா அன்று எவருக்கும் எழவில்லை.

இவ்வினா மிகப் பழமையானது. காப்பீட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு, முதலில் காக்கப்பட்டது சரக்கு, பிறகு கலம், மனிதர் மிகப் பிந்தியே என்பது புலனாகும். இஸ்லாமிய மரபு இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்கிற்று. ஸகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினரைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுக்கின்றது. அவர்களுள் ஒருவர் 'இப்னுஸ் ஸபீல்', அதாவது வழியின் மைந்தர். தம் ஊரில் செல்வராயினும் பயணத்தில் கையறு நிலைக்கு ஆளானவர் ஸகாத் நிதியிலிருந்து ஊர் திரும்பும் அளவுக்குப் பெறலாம் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் பொதுவான விளக்கம். இங்கே அவருடைய சரக்கு பேசப்படவில்லை. அவர் வீடு திரும்புவதே பேசப்படுகிறது. முஸாஃபிர்கானாக்களும் ஸராய்களும் மக்காவில் நம் நாட்டவர் எழுப்பிய ருபாத்களும் இக்கருத்தின் கட்டட வடிவங்களே. நீலகிரிக்கு மேற்கே தலைச்சேரியைச் சேர்ந்த கேயி குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்காவில் எழுப்பிய கேயி ருபாத், ஹரம் விரிவாக்கத்திற்காக 1971இல் இடிக்கப்பட்டது. அதற்கான இழப்பீட்டுத் தொகையைப் பெறுவது யார் என்ற வழக்காடல் பல பத்தாண்டுகள் நீண்டது தனிக்கதை.

இம்மரபு நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதற்கு இப்னு பதூதாவின் பயணத்தினும் சிறந்த சான்று இல்லை. 1340களின் தொடக்கத்தில் தில்லி சுல்தானின் தூதராகச் சீனம் செல்லக் கோழிக்கோடு வந்த அவர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். அவ்விடைவெளியில் வீசிய புயலில், சீனப் பேரரசருக்கான பரிசில்களை ஏற்றிய பெருங்கலம் உடைந்தது. அவருடைய உடைமைகளை ஏற்றியிருந்த சிறிய கலம் அவரை விட்டுவிட்டுக் கடலேறிவிட்டது. எஞ்சியவை ஒரு விரிப்பும் சில தீனார்களும். பின்னர் இலங்கையிலிருந்து புறப்பட்டபோது மஃபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரையருகே மீண்டும் கலமுடைந்தது. மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவருக்கு மண உறவினர் ஆதலால் அடைக்கலம் கிடைத்தது. அதன்பின் மலபார்க் கடலில் கொள்ளையர் அனைத்தையும் பறித்துக்கொண்டு காற்சட்டையோடு மட்டும் கரையில் இறக்கிவிட்டனர். கோழிக்கோட்டை அடைந்து பள்ளிவாசலில் புகுந்தவருக்கு ஃபகீஹ் ஒருவர் ஓர் அங்கியும், காழி ஒரு தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பிவைத்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். எந்த ஒப்பந்தமும் இன்றி, எந்தக் கட்டணமும் இன்றிக் கிடைத்த பாதுகாப்பு இது. ஆயினும் அவர் கற்றறிந்த காழி, அரபு பேசுபவர், அரசர்களுக்கு உறவினர். அதே கலத்தில் துடுப்பு வலித்தவனுக்குத் தலைப்பாகை அனுப்பியவர் யாரேனும் உண்டா என்பதை எந்த நூலும் கூறவில்லை. விருந்தோம்பல் முகமறிந்தே நடப்பது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

முகமறியாதவருக்கும் பொருந்தும் உறுதிமொழியைத் தரவல்லது அரசாணை ஒன்றே. ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதிதேவர் 1244ஆம் ஆண்டளவில் பொறித்த அபய சாசனம் இவ்வகையில் போற்றத்தக்கது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கலங்களின் சரக்கு முழுவதையும் முந்தைய அரசர்கள் கவர்ந்துகொண்டனர் என்றும், இனி நிர்ணயிக்கப்பட்ட சுங்கம் தவிர வேறெதுவும் கொள்ளப்படாது என்றும் அது அறிவித்தது. கோழிக்கோட்டிலும் உடைந்த கலத்தின் பொருள் உரியவருக்கே சேர்ந்தது என இப்னு பதூதா வியந்து குறிப்பிடுகிறார். எனினும் இவ்வாணைகளும் காத்தது பொருளையே.

கட்டணம் பெற்றுக்கொண்டு இழப்பை ஈடுசெய்யும் வணிகக் காப்பீடு, பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியத் துறைமுகங்களில் உருப்பெற்றது. அது முஸ்லிம் சட்ட அறிஞரின் மேசைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. திமஷ்கைச் சேர்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) தமது 'ரத்துல் முஹ்தார்' நூலில் 'ஸவ்கரா' என்ற வழக்கத்தை ஆராய்கிறார். அச்சொல் இத்தாலிய மொழியில் காப்புறுதியைக் குறிக்கும் சொல்லின் திரிபு. வணிகர்கள் கப்பல் வாடகைக்கு மேல் ஒரு தொகையை அயல்நாட்டவர் ஒருவருக்குச் செலுத்துகின்றனர். தீ, மூழ்கல், கொள்ளை ஆகியவற்றால் சரக்கு அழிந்தால் அவர் ஈடுசெய்கிறார். துறைமுக நகரில் அவருடைய முகவர் ஒருவர் இருக்கிறார். இவ்வாறு நடைமுறையை நுணுக்கமாக விவரித்தபின், கடமையாகாத ஒன்றைக் கடமையாக்கும் ஒப்பந்தமாதலால் இஸ்லாமிய நாட்டில் அந்த ஈட்டைப் பெறுவது கூடாது எனத் தீர்ப்பளிக்கிறார். இத்தீர்ப்பைப் பலரும் பலவாறு மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால் அவர் முன் வைக்கப்பட்ட வினா சரக்கைப் பற்றியதே என்பதைக் கவனிப்போர் குறைவு. பயணியின் உடல், நோய், திரும்பும் வழி ஆகியவை அன்றைய ஸவ்கராவில் இடம்பெறவே இல்லை.

ஐரோப்பியச் சட்டத்திலும் அவ்வாறே. பிரான்சின் 1681ஆம் ஆண்டுக் கடற்சட்டம் மனித உயிரைக் காப்பீடு செய்வதைத் தடைசெய்தது. ஆனால் கடற்கொள்ளையரிடம் சிறைப்பட்டால் மீட்புப் பணம் கிடைக்கும் வகையில் ஒருவர் தம் சுதந்திரத்தைக் காப்பீடு செய்துகொள்ள அனுமதித்தது. அடிமைத் தளையை விடுவிக்க ஸகாத்தில் பங்கு ஒதுக்கிய நமக்கு இது வியப்பாக இராது. இதன் மறுபக்கமோ கொடியது. அடிமைகளாக ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர் 'சரக்கு' என்ற தலைப்பில் காப்பீடு செய்யப்பட்டனர். 1781இல் ஸாங் என்னும் பிரித்தானியக் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்டோர் உயிருடன் கடலில் எறியப்பட்டனர். உரிமையாளர்கள் 'இழந்த சரக்கு'க்கு ஈடு கோரினர். முதல் விசாரணையில் ஜூரிகள் அவர்களுக்கே சார்பாகத் தீர்ப்பளித்தனர். 1783இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அங்கு ஆராயப்பட்டது கொலைக் குற்றம் அன்று, காப்பீட்டுக் கோரிக்கை.

ஹஜ் பயணிகளின் வரலாற்றில் இதே பார்வையின் மென்மையான வடிவத்தை 'ஜித்தா' கப்பலின் நிகழ்ச்சி காட்டுகிறது. 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏறத்தாழ 950 பயணிகளுடன் அரேபியக் கரை நோக்கிப் புறப்பட்ட நீராவிக் கப்பல் அது. கடல் கொந்தளிப்பில் கொதிகலன்கள் நிலைபெயர்ந்து நீர் புகுந்தது. ஆகஸ்டு 8ஆம் நாள், ஆப்பிரிக்காவின் குவார்தஃபூய் முனைக்கு அப்பால், வெள்ளைய மாலுமிகள் பயணிகளைக் கைவிட்டுப் படகில் இறங்கினர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடன் சேர்ந்த அவர்கள், ஜித்தா மூழ்கிவிட்டது என்று தெரிவித்தனர். தந்தி உலகெங்கும் பறந்தது. மறுநாளே 'ஆன்டனர்' என்னும் கப்பல் ஜித்தாவை இழுத்துக்கொண்டு ஏடன் துறைமுகம் வந்தது. கைவிடப்பட்ட பயணிகள் இரவு பகலாக நீர் இறைத்துக் கலத்தை மிதக்கவைத்திருந்தனர். கப்பல் தலைவரின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஜோசப் கான்ராட் 1900இல் வெளியிட்ட 'லார்டு ஜிம்' நாவலுக்கு இந்நிகழ்ச்சியே வித்து. அந்நாவல் ஓர் ஆங்கில மாலுமியின் மனச்சான்றைப் பற்றியது. நீர் இறைத்த கைகளைப் பற்றியது அன்று.

ஜித்தாவை இழுத்து வந்தவர்கள் மீட்புக் கூலி கோரினர். கடற்சட்டத்தின் பழைய மரபுப்படி, ஆபத்திலுள்ள கலத்தையும் சரக்கையும் காத்தவருக்கு அவற்றின் மதிப்பில் பங்கு கோரும் உரிமை உண்டு. உயிரை மட்டும் காத்தவருக்கோ தனியே கூலி கோரும் உரிமை இல்லை. மீட்கப்பட்ட மரத்திற்கும் இரும்புக்கும் விலை உண்டு. மனிதருக்கு விலை குறிக்க இயலாது என்பது அதன் தர்க்கம். தர்க்கம் உயர்ந்ததே. ஆனால் விலை குறிக்கப்படாதது கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை.

அக்காலத்துப் பயணிகளைப் புயலினும் பெரிதாக வாட்டியது மற்றொன்று. இந்தியாவிலிருந்து ஒருவழிச் சீட்டு மட்டும் வாங்கிச் சென்ற ஏழைகள், ஹஜ் முடிந்தபின் திரும்பக் காசின்றி ஜித்தா நகரின் தெருக்களில் தவித்தனர். நோயும் பட்டினியும் அவர்களுள் பலரைக் கொண்டுபோயின. பிரித்தானிய இந்திய அரசு 1886இல் தாமஸ் குக் நிறுவனத்தைப் பயண முகவராக அமர்த்திப் பார்த்தது. இழப்பே மிஞ்சியதால் அந்நிறுவனம் 1890களில் விலகிக்கொண்டது. இருவழிச் சீட்டைக் கட்டாயமாக்கினால் சமயத்தில் தலையிடுவதாகுமோ என்று அரசு பல பத்தாண்டுகள் தயங்கிற்று. 1920களின் நடுப்பகுதியில்தான் திரும்பும் சீட்டோ அதற்கீடான வைப்புத் தொகையோ இன்றிக் கப்பலேறக் கூடாது என்ற விதி சட்டமாயிற்று. அன்று ஏழைகளின் ஹஜ்ஜைத் தடுக்கும் சூழ்ச்சி என இதனை எதிர்த்தோரும் உண்டு. அவர்களின் வருத்தம் விளங்கக்கூடியதே. எனினும் ஃபிக்ஹு நூல்கள் ஹஜ் கடமையாவதற்குரிய 'இஸ்திதாஅத்' என்னும் சக்தியை விளக்குகையில், போகும் செலவோடு திரும்பும் செலவையும், திரும்பும் வரையில் வீட்டிலிருப்போரின் உணவுச் செலவையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. காலனிய அரசு நெடுங்காலம் தயங்கிச் சட்டமாக்கியதை நம் மதரஸா மாணவர் முதற்பாடத்திலேயே ஓதிவந்தனர். அந்த வைப்புத் தொகையை இந்தியப் பயணியின் உண்மையான முதற்காப்பீடு என்று கூறுவது மிகையாகாது. அது காத்தது ஒரு மனிதரின் வீடு திரும்புதலை.

காப்பீடு கூடுமா என்ற வாதம் இருபதாம் நூற்றாண்டில் வேறு திசையில் வளர்ந்தது. இப்னு ஆபிதீனின் அதே ஹனஃபி மரபில் வந்த சிரிய அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்க்கா (மறைவு 1999) காப்பீடு கூடும் என வாதிட்டார். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு பேரவை வணிகக் காப்பீட்டை மறுத்து, பங்களிப்பின் வழி ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. சூடானில் 1979இலும் மலேசியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியும் 'தகாஃபுல்' நிறுவன வடிவம் பெற்றது. விரிவை இங்குத் தவிர்ப்போம்.

இன்று வெளிநாடு செல்வோர்க்குக் காப்பீடு பெரும்பாலும் விருப்பத்தைப் பொறுத்ததன்று. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் இந்தியத் தொழிலாளர்க்கு 2003இல் தொடங்கிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். ஐரோப்பாவின் ஷெங்கன் நுழைவிசைவுக்கு 2004 முதல் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும். உம்ரா நுழைவிசைவிலும் காப்பீடு சேர்ந்தே வருகிறது. ஆயினும் கட்டாயத்திற்காக வாங்கும் தாளைப் படிப்போர் அரிது. இறந்தவர் உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு பல திட்டங்களில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படுகிறது. புனித மண்ணில் அடங்குவதைப் பேறாகக் கருதும் உம்ராப் பயணிக்கு அதனால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது வேறு. அறுபது வயதைக் கடந்தவர், சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உடையவர். ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் மருத்துவமனைச் செலவை ஏற்கும் விதி உண்டா என்பதே அவர் கேட்க வேண்டிய வினா. பல திட்டங்களில் முதலில் விலக்கப்படுவது அதுவேயாகும்.

பிக்கட்டிச் சாலைக்குத் திரும்புவோம். நீலகிரி அச்சத்திற்குக் காரணமற்ற மலையன்று. 2009 நவம்பர் 10ஆம் நாள் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது; அந்நாள்களின் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூரை அடுத்த மரப்பாலத்தருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் உருண்டு தென்காசி மாவட்டத்திலிருந்து வந்த ஒன்பது பேர் உயிரிழந்தனர். இந்தியாவில் வாகனக் காப்பீடு 1946 ஜூலை முதல் கட்டாயமாக உள்ளது. அக்கட்டாயம் மூன்றாம் நபருக்கு நேரும் தீங்கிற்கே. வாடகைப் பேருந்தின் பயணி அதனுள் அடங்குவார். நண்பரின் சொந்தக் காரில் ஏறி வருபவர், அடிப்படைப் பாலிசி மட்டும் இருப்பின், அடங்கார். இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தவரும் அவ்வாறே என 2006இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்திருப்பின் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறலாம். இழப்பீடு உரிய காலத்தில் வழங்கப்படாமையால் நீதிமன்ற ஊழியர் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தியை நாளேடுகளில் நாம் காண்பது இதன் தொடர்ச்சியே.

சரக்கு வண்டியில் ஏறிச்செல்வோர்? 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிய பயணிக்கு இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ வண்டியில் இருந்தால் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவருக்குக் காப்பு உண்டு. அதாவது, அன்று மாலை அந்தப் பிக்கப் வண்டியில் தேயிலை மூட்டைக்கு உரியவர் எவரேனும் இருந்திருப்பின், சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஏனைய எங்களுக்கு ஓட்டுநரின் நல்லெண்ணம் இருந்தது. பிக்கட்டியில் இறங்கியபோது அவர் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.