இடுப்பு மூட்டும் மரப்பு ஊசியும்

1898 ஆகஸ்ட் 16 அன்று, ஜெர்மனியின் கீல் நகரில், கணுக்கால் மூட்டில் காசநோய் கண்டிருந்த ஒரு தொழிலாளிக்கு அறுவை சிகிச்சை செய்த ஆகஸ்ட் பியர், அவரை நினைவிழக்கச் செய்யாமல், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீருக்குள் கொக்கெய்னைச் செலுத்தி, உடலின் கீழ்ப்பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்தார். வலியுணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளை வழியிலேயே தடுக்கும் இம்முறை தண்டுவட மரப்பு எனப்படும். எட்டு நாள் கழித்துப் பியரும் அவருடைய உதவியாளர் ஹில்டப்ராண்டும் இதே சோதனையைத் தம் உடல்களிலேயே செய்துபார்த்தனர். ஹில்டப்ராண்டின் முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தபோதும் வலி தெரியவில்லை, ஆனால் முதுகுநீர் மிகுதியாக வெளியேறிய பியர் பல நாள் தலைவலியால் படுத்திருந்தார். 

இம்முறைக்குப் பேரிடி இங்கிலாந்தில் விழுந்தது. 1947இல் செஸ்டர்ஃபீல்டு மருத்துவமனையில் ஒரே நாளில் இந்த ஊசி பெற்ற இருவர் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்தனர். மருந்துக் குப்பிகள் ஊறவைக்கப்பட்டிருந்த ஃபீனால் என்னும் கிருமிநாசினி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வழியே உட்புகுந்திருக்கும் என்று அப்போது விளக்கம் கூறப்பட்டது. அவர்கள் தொடுத்த வழக்கில், 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவத் தரப்பில் கவனக்குறைவு இல்லையெனத் தீர்ப்பளித்தும் அச்சம் அகலவில்லை. அதே ஆண்டில், அமெரிக்காவில் மயக்கவியல் மருத்துவர்களான டிரிப்ஸும் வாண்டமும் 10,098 தண்டுவட மரப்புகளைப் பின்தொடர்ந்து, பெரிய நரம்புச் சேதம் எதுவும் காணவில்லை என வெளியிட்டனர். அந்தச் சான்று பிரிட்டிஷ் மருத்துவர்களின் மனத்தை மாற்றப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே 1962இல் ஜான் சார்ன்லி, ரைட்டிங்டன் மருத்துவமனையில் உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் கொண்ட செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தியபோது, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்திக் குருதியிழப்பையும் குறைக்கவல்ல ஒரு மரப்பு முறை, அந்நாட்டிலேயே பெரிதும் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது.

தண்டுவட மரப்பு மீண்டும் நம்பிக்கை பெற்றபின், கேள்வி பாதுகாப்பிலிருந்து விரைவான மீட்சிக்கு மாறியது. 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெஹ்லட், நோயாளியை விரைவில் எழுப்பி நடக்கவைப்பதையே சிகிச்சையின் இலக்காக்கினார். ஆனால் அறுவைக்குப் பிந்தைய வலிக்காகத் தொடை நரம்பை மரக்கச்செய்தால் வலி குறைந்தாலும் தொடைத் தசை தளர்ந்து, நடக்க முயல்பவர் விழ நேரிடும். 2018இல் டொராண்டோவில் பிலிப் பெங் குழுவினர் விவரித்த ஊசி, அல்ட்ராசவுண்டு துணையுடன் மூட்டுறையின் முன்புறத்துக்குச் செல்லும் நுண்கிளைகளையே குறிவைத்து, தசையின் வலுவைப் பெருமளவு காக்க முயல்கிறது. மூட்டின் பின்புறமும் அறுத்த தோலும் அதன் எல்லைக்கு வெளியே இருப்பதால், அவற்றுக்கு வேறு மருந்து தேவைப்படுகிறது.