வெயிலும் உப்புக் காற்றும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் கதிரவனைக் கொண்டே பெயரிட்டனர்: கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையால், நாடு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் மூழ்கியது. வெயிலுக்கோ நம்மிடம் குறைவிருந்ததில்லை. வெயிலை மின்னாக்கும் அறிவு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த சிலிக்கன் சூரியக்கலம், வெயிலில் நூற்றுக்கு 6 பங்கையே மின்னாக்கியது. சிலிக்கனைத் தூய்மையாக்கப் பேருலைகள் வேண்டும். ஆதலால் பெருமூலதனம் படைத்தோர்க்கே அத்தொழில் வசமாயிற்று. 2009இல் யப்பானிய அறிஞர் மியாசாக்கா வேறொரு பொருளைக் கையாண்டார். 1839இல் யூரல் மலையிற் கிடைத்த பெரோவ்ஸ்கைட்டு என்னும் கனியத்தின் பளிங்கமைப்பை ஒத்தது அது, ஈயமும் அயடீனும் கலந்தது, கரைத்துப் பூசக்கூடியது. அதன் திறன் அன்று நூற்றுக்கு 3.8, இன்று 26ஐக் கடந்துவிட்டது. இத்தூரத்தைக் கடக்கச் சிலிக்கனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இவ்வளர்ச்சியில் சிறு சேர்மானங்களின் பங்கு பெரிது. பூசிய படலம் எண்ணற்ற பளிங்குமணிகளாக உறைகிறது. மணிகளுக்கிடையே உள்ள விரிசல்களே அதன் நோய். அங்குதான் அயடீன் நழுவுகிறது, ஈரம் புகுகிறது. 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சிறிதளவு பொற்றாசியம் அயடைட்டைச் சேர்த்து அவ்விடைவெளிகளைச் செப்பனிட்டனர். 2025இல், இலங்கையிற் பிறந்த பேராசிரியர் ரவி சில்வா தலைமை தாங்கும் சரே பல்கலைக்கழக ஆய்வுநிலையத்தார், அலுமினியம் ஒட்சைட்டு நுண்துகள்களைச் சேர்த்துத் தப்பியோடும் அயடீனைச் சிறைப்பிடித்தனர். வெப்பமும் ஈரமும் மிக்க சோதனையில் 160 மணி நேரமே தாங்கிய கலம், 1530 மணி நேரம் தாங்கியது.

மகிழ்வோம், மயங்க வேண்டாம். கடுஞ்சோதனைதான் எனினும், 1530 மணி நேரம் ஏறத்தாழ இரண்டு மாதமே. கூரைமேல் ஏறும் சிலிக்கன் பலகையோ 25 ஆண்டு உழைக்கிறது. வாவியின் உப்புக் காற்றையும் மாரிகாலத்து ஈரத்தையும் புதிய பளிங்கு தாங்குமா? உடைந்த பலகையிலிருந்து ஈயம் கசிந்து நீரிற் கலந்தால், மீனையும் இறாலையும் நம்பி வாழும் குடும்பங்களின் கதி என்ன?

இன்னொன்றையும் நினைவிற் கொள்வோம். மியாசாக்காவின் கலத்தில் அப்பளிங்கைத் தாங்கி நின்றது தைத்தானியம் ஒட்சைட்டு. அதற்கு மூலமான இல்மனைற்று நம் கிழக்குக் கரை மணலிலேயே உண்டு. 1957இல் அரசுக் கூட்டுத்தாபனம் அமைந்த பின்னரும் புல்மோட்டை மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. மண்ணைக் கொடுத்துவிட்டுப் பண்டத்தை விலைக்கு வாங்கும் அந்த வழக்கம் வெயிலிலும் தொடர வேண்டுமா?

உப்பும் ஈரமும் வெயிலும் ஒருங்கே கூடிய நம் வாவிக்கரையே இப்பொருளுக்குச் சரியான உரைகல். அருகே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. ஊர்தோறும் விஞ்ஞான ஆசிரியர் உண்டு. இந்தக் காற்றில் எச்சேர்மானம் நிலைக்கும், எது நீரை நஞ்சாக்காது என்னும் வினாக்களை நம் மாணவரே எழுப்பட்டும். விடையைப் பிறர் கண்டு நமக்கு விற்கும்வரை காத்திருந்தால், கதிரவனின் பெயர் தாங்கிய கரைகளில் வெயிலுக்கும் நாம் விலை கொடுக்க நேரும்.