வேடந்தாங்கலார் பெற்ற கவுல்



பூந்தமல்லிச் சாலையில் ஐயப்பன்தாங்கலைக் கடந்து செல்வோர் பலர். அப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘தாங்கல்’ என்னும் சொல்லை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்கு உதவும் சிற்றேரியைத் தாங்கல் என்பது தொண்டை நாட்டு வழக்கு. செம்பரம்பாக்கம், அம்பத்தூர், ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு என எப்பக்கம் நோக்கினும் ஏரியை நம்பியே ஊர் எழுந்த நாடு இது.

அத்தகைய தாங்கல்களுள் ஒன்று, சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேடந்தாங்கல். வேடர்களின் தாங்கல் என்று அதற்குப் பொருள் கூறுவர். வேட்டையால் பெயர் பெற்ற ஊரே, பின்னாளில் வேட்டையைத் தடுக்கக் கோரி அரசின் வாயிலில் நின்றது.

கும்பினி ஆட்சிக் காலம். ஏரி மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுத்திலர்; செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டனர். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமரைக் கண்ணாரக் கண்டதாகக் கதை வழங்குகிறதே, அதே பிளேஸ்தான்! அவர் 1798இல், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் ஊரார் வேண்டியபடி அது புதுப்பிக்கப்பட்டது.

இதனைக் கருணை என்று மட்டும் கூறிப் போற்றுவாரும் உளர். எனக்கு அது முழு விளக்கமாகத் தோன்றவில்லை. உழவர் கணக்கறியாதவரல்லர். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து மதகு வழியே வயலுக்குப் பாய்கின்றன. விலை கொடாமல் கிடைத்த உரம்! பறவை பறந்துவிடின் விளைச்சல் குன்றும் என்பதை அவர்கள் கண்கூடாக அறிந்திருந்தனர். அவ்வறிவு இருந்தமையால்தான் காவல் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

நீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் முதலியன அடுத்தடுத்துக் கூடு கட்டுகின்றன. இவையெல்லாம் கடல் கடந்து வந்தவை என்று மாணவர் பலர் நினைப்பதுண்டு. அஃது அன்று. கூடு கட்டுவன பெரும்பாலும் இந்நாட்டுப் பறவைகளே. ஊசிவால் வாத்துப் போன்ற வடபுல விருந்தினர் இரை தேடி வந்து குளிர்காலம் கழிந்ததும் மீள்வர்.

கவுல் பிறந்து சரியாக 200 ஆண்டுகள் சென்றபின், 1998இல், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டாரம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியின் பரப்போ ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அவ்வளவு சிறிய ஏரிக்கு இவ்வளவு பெரிய எல்லை ஏன் என்று கேட்கலாம். கூடு ஏரியில் இருப்பினும் இரை சுற்றுப்புற வயல்களிலும் குளங்களிலும் அல்லவா இருக்கிறது? 2020இல் அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முயற்சி எழுந்தது. எதிர்ப்பு வலுத்தது, முயற்சி கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

காண விழைவோர் நவம்பர் முதல் மார்ச் வரையிலான திங்கள்களில், வைகறையிலோ மாலையிலோ செல்க. மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டுவிடும், பறவையும் வாராது, ஆதலின் விசாரித்துச் செல்வது நன்று. கரைமீது நின்றாலே கூடுகள் தெரியும். நேரம் எஞ்சின் அருகிலுள்ள கரிக்கிலிக்கும் செல்லலாம். அங்கே கூட்டம் குறைவு, வாத்தினம் மிகுதி.