விசையைத் தொடாமலே வெடித்த துப்பாக்கி

மணியாச்சி ஜங்ஷன். 1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். கொடைக்கானல் பயணம். திருச்செந்தூர், தூத்துக்குடி எல்லாம் அன்றைக்கு அவர் ஆளுகையில்தான். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறினார், சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். மிச்சத்தை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்.

அந்தத் துப்பாக்கி பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, சுடுவதற்கு யார் பயிற்சி கொடுத்தது என்று போலீஸ் பாண்டிச்சேரி வரை துருவியது. தயாரித்த கம்பெனியை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சுட நினைத்தவர் சுட்டார், துப்பாக்கி சொன்ன பேச்சைக் கேட்டது. பொறுப்பு, பிடித்த கையுடையது.

சரி, சொன்ன பேச்சைக் கேட்காத துப்பாக்கி? விசையில் விரலே இல்லை, ஆனால் குண்டு பாய்ந்துவிட்டது. அப்போது யாரைக் கேட்பது?

நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு பொழுதுபோக்கு வேட்டை அநேகமாக முடிந்துபோன கதை. அமெரிக்காவில் அப்படியில்லை. மான் வேட்டை சீசன் வந்தால் குடும்பத்தோடு காட்டுக்குக் கிளம்புவார்கள். பலர் கையில் ரெமிங்டன் 700. 1962-ல் சந்தைக்கு வந்த ரைபிள். சக்கைப்போடு போட்டது.

அதன் விசையை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற இன்ஜினீயர். விசைக்கு முன்னால் 'கனெக்டர்' என்று ஒரு சின்ன உலோகத் துண்டு. அதை எதோடும் இறுக்கிப் பூட்டவில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விசையை விட்டுக் கொஞ்சம் விலகித் திரும்பவும் வந்து சேரும். அந்த இடைவெளியில் தூசியோ பிசுக்கோ புகுந்துவிட்டால் சரியாக வந்து உட்காராது. அந்த நேரம் பார்த்து சேஃப்டியை விடுவித்தால் போதும், விசையைத் தொடாமலே வெடிக்கலாம் என்பதுதான் வழக்குப் போட்டவர்களின் வாதம். இன்னொரு கொடுமை, உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். துப்பாக்கியைக் காலி செய்கிற கணம்தான் ஆபத்தான கணம்! 1982-ல்தான் இந்த ஏற்பாட்டை மாற்றினார்கள்.

கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும். இந்த விசையோடு முதல் மாடல் வந்தது 1948-ல். அதே வருடம் வாக்கரே பாதுகாப்பான ஒரு மாற்று யோசனையை எழுதிக் கொடுத்தார். ஆகும் செலவு, துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 1979-ல் கம்பெனியின் பாதுகாப்புக் குழு கூடியபோது வெளியே இருந்தவை சுமார் 20 லட்சம் துப்பாக்கிகள். அவற்றில் கோளாறு வரக்கூடியவை ஒரு சதவீதம், அதாவது 20 ஆயிரம் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். அதற்காக 20 லட்சத்தையும் திரும்பப் பெறுவதா என்று யோசித்துக் கைவிட்டார்கள். 20 லட்சத்தை ஐந்தரை சென்டால் பெருக்கினால் 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர். 1994-ல் டெக்சாஸில் பாதத்தை இழந்த ஒரே ஒருவருக்கு ஜூரிகள் தரச்சொன்ன தொகை 1 கோடியே 70 லட்சம் டாலர். லாபக் கணக்கிலும் இது மகா மட்டமான முடிவு.

2000-ல் மொன்டானாவில் ஒரு குடும்பம் வேட்டை முடிந்து கிளம்பியது. தோட்டாவை எடுக்கலாம் என்று அம்மா சேஃப்டியைத் தள்ளினார். வெடித்தது. குண்டு எதிரே இருந்த குதிரை டிரெய்லரைத் துளைத்து, அந்தப் பக்கம் நின்ற ஒன்பது வயது மகனைக் கொன்றது. விசையில் தன் விரல் இல்லை என்றார் அந்தத் தாய். துப்பாக்கியில் குறையில்லை என்றது கம்பெனி. கடைசிவரை அதையேதான் சொன்னது.

ஏன் அரசாங்கம் தலையிடவில்லை என்று கேட்பீர்கள். 1972-ல் அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அமைத்தபோது துப்பாக்கிகளை அதன் அதிகாரத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்லலாம், நிஜத் துப்பாக்கியைச் சொல்ல முடியாது! 2005-ல் வந்த இன்னொரு சட்டம், குற்றவாளி சுட்டதற்காகத் தயாரிப்பாளர்மீது வழக்குப் போடுவதைத் தடுத்தது. மணியாச்சி நியாயம்தான். ஆனால் வடிவமைப்பே கோளாறு என்றால் வழக்குப் போடும் வழியை அதுவும் அடைக்கவில்லை. அந்த வழியில் போனவர்களால்தான் 2014-ல் சமரசம் வந்தது. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் அதில் அடங்கும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இலவசமாகப் புது விசை. மேல்முறையீடெல்லாம் முடிய 2018 ஆகிவிட்டது. வாக்கர் யோசனை சொல்லி எழுபது வருடம்.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காளிகோட்டில் மாவோயிஸ்டுகள் தாக்கி 43 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். இந்தியா கொடுத்த இன்சாஸ் ரைபிள்கள் நீண்ட நேரம் சுட்டதில் மக்கர் செய்தன என்றது நேபாள ராணுவம். சரியாகக் கையாளவில்லை என்று இங்கிருந்து பதில் போனது. தயாரிப்பாளர் அரசாங்கமானாலும் வசனம் மாறவில்லை, கவனித்தீர்களா?

இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன்? உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்காது. குக்கர் இருக்கும், கெய்சர் இருக்கும், கார் இருக்கும். 2019-ல் வந்து 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான எச்சரிக்கை தராதது, எல்லாவற்றுக்கும் நஷ்டஈடு கேட்கலாம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரமும் மத்திய ஆணையத்துக்கு உண்டு.

ஆகவே குக்கர் வெடித்தால் 'நாமதான் சரியா மூடலையோ' என்று முதலில் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். இருக்கலாம். ஆனால் வெடித்த பொருளைத் தூக்கிப் போடாமல், பில்லோடு பத்திரமாக வைத்துக்கொண்டு, செய்தவனையும் ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் இதே புகாரோடு வந்தார்கள் என்று.