முதலில் வந்தவர்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், மேய்ச்சல் நிலமும் சுண்ணாம்புக் குன்றுமாகக் கிடக்கும் கவுண்டி டார்செட். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம். அதன் பெயரைத் தாங்கிய காலாட்படை ரெஜிமென்ட்டின் தொப்பிச் சின்னத்தில் ‘ப்ரைமஸ் இன் இண்டிஸ்’ என்று லத்தீனில் பொறித்திருந்தார்கள். இந்தியாவில் முதல்வர் என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவுக்கு வந்தபோது அந்தப் படைக்கும் டார்செட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1702ல் அயர்லாந்தில் திரட்டிய படை அது. இந்தியா வந்தபோது அதன் பெயர் வெறும் 39வது ரெஜிமென்ட். ஆள் சேர்க்க வசதியாக இருக்கும் என்று 1782ல் படைகளுக்கெல்லாம் கவுண்டிப் பெயர் சூட்டியபோது கிடைத்தது கிழக்கு மிடில்செக்ஸ். டார்செட் வந்து ஒட்டிக்கொண்டது 1807ல்தான்.

அந்த ‘முதல்வர்’ பட்டத்திலும் கொஞ்சம் சலுகை உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே பம்பாய்க்கு அரசர் படை வந்திருக்கிறது. ஆனால் அது பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையாகிவிட்டது. அரசரின் முழு ரெஜிமென்ட்டாகவே வந்து, அப்படியே நீடித்தது 39தான். 1754ல் அட்மிரல் வாட்சனின் கப்பல்களோடு அது சோழமண்டலக் கரைக்கு வந்தது.

விரைவிலேயே கம்பெனியோடு மாமியார் மருமகள் கதை. 1756ல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைப் பிடித்த சேதி சென்னைக்கு எட்டியது. மீட்கப் போகும் படைக்குத் தலைமை தனக்கே என்று எதிர்பார்த்தார் 39ன் கர்னல் அட்லர்கிரான். கம்பெனி சொல்படி நடப்பேன் என்று உறுதி தர மட்டும் அவருக்கு மனமில்லை. சென்னைக் கோட்டைக் கவுன்சில் கம்பெனி அதிகாரி கிளைவைத் தேர்ந்தெடுத்தது. கோபம் தலைக்கேறிய கர்னல், கப்பலில் ஏற்றிய அரசரின் பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் அவருடைய ஆட்களில் ஒரு பகுதியினர் மட்டும், கப்பற்படை வீரர் என்ற கணக்கில் வங்காளம் போனார்கள்.

அவர்களில் ஒருவர் கேப்டன் அயர் கூட். பிளாசிப் போருக்கு முன் நடந்த ஆலோசனையில் கிளைவ் உட்படப் பெரும்பாலோர் பொறுத்திருப்போம் என்றபோது, உடனே தாக்க வேண்டும் என்றவர் இவர். கிளைவ் பிறகு மனம் மாறினார். 1757 ஜூன் 23ல் சண்டை முடிந்தது. ரெஜிமென்ட் விரைவிலேயே தாயகம் திரும்பியது. வேறொரு படையோடு திரும்பி வந்த கூட், 1760ல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார்.

1881ல் 39ஐயும் 54வது ரெஜிமென்ட்டையும் இணைத்து டார்செட்ஷயர் ரெஜிமென்ட் ஆக்கினார்கள். அதன் இரண்டாம் பட்டாளம் 1916ல் ஈராக்கின் கூட் நகர முற்றுகையில் சரணடைந்தது. துருக்கியரிடம் சிறைப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை.

1944ல் அதே பட்டாளம் இந்தியாவின் வடகிழக்கில், கொஹிமாவில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. டெபுடி கமிஷனர் பங்களா, அதன் டென்னிஸ் மைதானம்: ஜப்பானியர் பதுங்குகுழி வெட்டி அமர்ந்திருந்த அந்தத் துண்டு நிலத்துக்காக வாரக்கணக்கில் சண்டை. மே 13ல் செங்குத்துச் சரிவில் ஒரு டாங்கியை எப்படியோ இறக்கி, சில கஜ தூரத்திலிருந்து குழிகளைச் சுட்டுத் தகர்த்தார்கள். பின்னாலேயே டார்செட் சிப்பாய்கள் பாய்ந்தார்கள்.

1958ல் ரெஜிமென்ட் பக்கத்துக் கவுண்டியான டெவன் படையோடு கலந்தது. 2007ல் அதுவும் ‘தி ரைஃபிள்ஸ்’ படையில் கரைந்தது. கொஹிமா போர்க் கல்லறையில், கல்லறை வரிசைகளுக்கு நடுவே அந்த டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை இன்றும் வெள்ளையாகக் காணலாம்.