எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும்

1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் ஒரு புதுமையான படகு ஓடியது. துடுப்பில்லை, பாயில்லை, நீராவிக் கொதிகலனும் இல்லை. டைம்லரும் மைபாக்கும் தாங்கள் உருவாக்கிய சிறிய பெட்ரோல் எஞ்சினை அதனுள் பொருத்தியிருந்தார்கள். பெட்ரோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்க, டைம்லர் படகில் கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் கட்டி, மின்சாரப் படகுபோல் தோன்றச் செய்தாராம்!

மக்களின் அச்சம் வீணானதன்று. பெட்ரோல் −43 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. சாலையில் செல்லும் காரில் கசிவு ஏற்பட்டால், ஆவி பெரும்பாலும் அடிவழியே திறந்த வெளிக்குப் போய்விடும். படகோ நீர் புகாத தொட்டி. நீர் உள்ளே வர வழியில்லாததுபோல, அடியில் தேங்கிய ஆவி வெளியேறவும் வழியில்லை. களம்பூரில் உங்கள் வீட்டுச் சமையலறையில் எரிவாயு கசிந்தால் அது தரையோடு படர்கிறதல்லவா? சன்னலைத் திறக்கிறோம், மின் சுவிட்சைத் தொடுவதில்லை. படகின் அடிப்பகுதி சன்னலே இல்லாத சமையலறை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆவியானால் ஏறத்தாழ 36 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் 100க்கு 1.4 பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே கலவை தீப்பற்றும். ஆகவே ஒரு டம்ளர் பெட்ரோல் சுமார் 2,500 லிட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக மாற்றப் போதுமானது. பிறகு வேண்டியது ஒரு தீப்பொறிதான்.

இந்த ஆபத்தை எதிர்கொள்ளச் சுரங்கத் தொழில் ஒரு வழி காட்டியது. 1815இல் ஹம்ஃப்ரி டேவி, சுரங்க விளக்கின் சுடரைக் கம்பி வலையால் சூழ்ந்தார். வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் தீ வெளியே தாவுவதில்லை. இதே தத்துவத்தில் அமைந்த தீத்தடுப்பானைக் கார்புரேட்டரில் பொருத்தவும், எஞ்சின் அறைக்குக் காற்றோட்டம் அமைக்கவும் அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டு மோட்டார் படகுச் சட்டம் கட்டளையிட்டது.

அடுத்து, பெட்ரோல் எஞ்சினுக்கு வந்து சேரும் வழியைப் பார்ப்போம். தொடக்கத்தில் டாங்கை உயரத்தில் வைத்தார்கள். புவியீர்ப்பே பெட்ரோலை இறக்கியது. பின்னர் எஞ்சினின் அசைவாலேயே இயங்கும் இரப்பர்ச் சவ்வுப் பம்பு வந்தது. அதில் ஒரு குறை: பல நாள் நின்ற படகில் கார்புரேட்டர் வற்றியிருக்கும்; எஞ்சினை நெடுநேரம் சுழற்றினால்தான் பெட்ரோல் ஏறும். மின்பம்போ எஞ்சினுக்காகக் காத்திராமல் உடனே பெட்ரோலை அனுப்பியது.

அந்தச் சிறப்பே அதன் ஆபத்தும் ஆயிற்று. எஞ்சின் நின்றால் பழைய பம்பு தானே நின்றுவிடும். மின்பம்பு நிற்காது. குழாய் அறுந்து எஞ்சின் நின்றுபோனாலும், மின்சாரம் உள்ளவரை அது பெட்ரோலைப் படகுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும்.

1971இல் அமெரிக்கா புதிய படகுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் கீழ் வந்த விதிகளில் ஒன்று, எஞ்சின் ஓடும்போதும் அதைக் கிளப்பும்போதும் தவிர வேறெப்போதும் மின்பம்பு இயங்கக் கூடாது என்றது. இதற்கு எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்ச் உதவுகிறது. எஞ்சின் நின்றால் எண்ணெய் அழுத்தம் இறங்கும், சுவிட்ச் திறக்கும், பம்பு அடங்கும்.

மற்றொரு விதி, பம்பு எஞ்சின் மீதோ அதிலிருந்து 12 அங்குலத்திற்குள்ளோ இருக்க வேண்டும் என்கிறது. ஏன்? பம்பு டாங்கின் அருகே இருந்தால், அங்கிருந்து எஞ்சின் வரையுள்ள நீண்ட குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். சிறு வெடிப்பிலும் பெட்ரோல் பீய்ச்சும். எஞ்சின் அருகே இருந்தால் நீண்ட குழாய் உறிஞ்சும் பக்கத்தில் அமைகிறது. பம்பு ஓடும்போது வெடிப்பின் வழியே காற்றுதான் உள்ளே புகும். டாங்கு உயரமாக இருந்தால், பம்பு நின்றபின்னும் பெட்ரோல் தானே வழியாதிருக்கத் தடுப்பு வால்வும் வேண்டும். பம்பு, சுவிட்ச் எல்லாம் தீப்பொறியை வெளியே விடாத படகு வகையினவாக இருக்க வேண்டும். கார்ப் பம்பு உதவாது. எஞ்சினைக் கிளப்பும் முன் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும்.

நம் நாட்டு மீன்பிடி விசைப்படகுகள் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பின. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் முதலாக, படகின் உள்ளே டீசல் எஞ்சினே இடம்பிடித்தது. டீசல் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை.

கடலுக்கு வெகு தொலைவிலுள்ள களம்பூர்க்காரர்களுக்கு இதனால் என்ன பயன் என்கிறீர்களா? 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் விற்பனையான பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் மின்பம்பு உண்டு. சாவியைத் திருப்பியதும் மெல்லிய ஒலி ஓரிரு விநாடி கேட்டு அடங்கும். எஞ்சினைக் கிளப்பாவிட்டால் பம்பு நின்றுவிடும். வண்டி சரிந்து விழுந்தால் பம்பை நிறுத்தும் உணர்வியும் பலவற்றில் உண்டு. பழுது பார்க்கும்போது இந்தக் காவலைத் தவிர்த்து, மின்கலத்திலிருந்து பம்புக்கு நேரே கம்பி இழுப்பது வேலையைச் சுருக்கலாம். ஆனால் அந்த ஒரு கம்பி, படகுக்காரர்கள் பட்டுத் தெளிந்த பாடத்தை ஒரே நொடியில் அழித்துவிடும்.