பி.எச்-5: தகட்டுக்குள் ஒளிந்திருந்த சில்லு

கணினியை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். 2003 வாக்கில் இதில் இறங்கியவர்கள் தேடி அலைந்தது ஒரு நினைவகச் சில்லை: தைவானின் வின்பாண்ட் நிறுவனம் தயாரித்த பி.எச்-5.

கோர்செய்ர், கிங்ஸ்டன், மஷ்கின் ஆகியவை தங்கள் உயர்ரக ராம்கள் சிலவற்றில் இதைப் பொருத்தி விற்றன. ஆனால் மேலே உலோகத் தகடு மூடியிருந்ததால் உள்ளே இருப்பது எந்தச் சில்லு என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஒரே பெயரில் வந்த ராமிலும் பின்னாளில் சில்லு மாறியது. எனவே விவரமறிந்தவர்கள் கோர்செய்ர் லேபிளில் பெயரை விடப் பதிப்பு எண்ணையே பார்த்தார்கள்.

அப்படி என்ன சிறப்பு? டிடிஆர் ராமுக்கு வழக்கமான மின்னழுத்தம் 2.5 வோல்ட். பி.எச்-5 சில்லுக்கு 3.3 வோல்ட் வரை கொடுக்கக் கொடுக்க வேகம் கூடியது. தாமதத்தைக் கூட்டாமலே 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடியது. பல மதர்போர்டுகள் அவ்வளவு மின்னழுத்தம் தராததால், 2004-இல் ஓசிஇசட் நிறுவனம் அதற்கென்றே தனிக் கருவி விற்றது.

வேகத்துக்கு விலை வெப்பம். அது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், 3.3 வோல்ட்டில் சுமார் 1.7 மடங்காகும்; வேகமும் கூடினால் இன்னும் அதிகம். அழகான தகடு மட்டும் போதவில்லை. ராமின் மேல் நேராகக் காற்றடிக்கும் சிறு மின்விசிறியே கைகொடுத்தது.

உற்பத்தி நின்ற பின்னரும் பழைய பி.எச்-5 ராம்களைத் தேடி வாங்கினார்கள். அவர்கள் பணம் கொடுத்தது பிராண்டுக்கு அல்ல, சில்லுக்கு.